தன் இரத்தமும் பிறர் இரத்தமும்

நம்மவர் வீட்டுக் குழந்தை ஒன்று ஆஸ்பத்திரியில் கிடக்கிறது. இரத்தம் ஏற்றியாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அச்சொல் காதில் விழுந்ததும் தந்தை சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முன்னே வந்து நிற்கிறார். தாய்மாமனும் சிற்றப்பனும் அவருக்குப் பின்னே நிற்கின்றனர். "எங்கள் பிள்ளைக்கு எங்கள் இரத்தமே போதும், எவனுடையதோ வேண்டாம்" என்பது அவர்கள் ஒருமித்துக் கூறும் மொழி. தோட்டத்திலும் இதே மொழிதான். பட்டணத்துப் படித்தவர் வீட்டிலும் இதே மொழிதான்.

இம்மொழியிற் பாதி அன்பு. அதனைக் குறை கூற யாரும் துணியார். மற்றப் பாதி யாதெனின், குலமும் கோத்திரமும் சாதியும் இரத்தத்தில் ஓடுகின்றன என்னும் பழைய நினைப்பேயாம். நம் குடும்பத்து இரத்தம் நம் பிள்ளைக்குப் பொருந்தும், அயலான் இரத்தம் பொருந்தாது என்று எவரும் சோதித்து அறிந்ததில்லை. பாட்டன் சொன்னான், பேரன் நம்பினான். இந்நம்பிக்கையை வைத்திய சாஸ்திரம் முந்நூற்றைம்பது ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகச் சோதித்து வந்திருக்கிறது. அச்சோதனையின் முடிவு நம்மவருட் பலருக்கு வியப்பைத் தரும். ஏனெனில், குழந்தைகளுக்கு இரத்தம் ஏற்றுவதால் மிக அரிதாக நேரும் கொடிய கேடு ஒன்று, அயலான் இரத்தத்தைக் காட்டிலும் உற்றார் இரத்தத்தாலேயே எளிதில் நேருகின்றது.

கதையை முதலிலிருந்து சொல்வோம்.

1667-ம் ஆண்டு ஜூன் மாதத்தில், பிரான்சு தேசத்துத் தலைநகராகிய பாரிஸில், ஜான் பாப்டிஸ்ட் தெனி என்னும் வைத்தியர் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஆட்டுக்குட்டியின் இரத்தத்தை ஏற்றினார். மனிதனுக்கு இரத்தம் ஏற்றியதாக எழுத்திற் பதிவாகியுள்ள முதற் செய்திகளுள் இது ஒன்று. காய்ச்சலால் மெலிந்து, வைத்தியர்கள் பன்முறை இரத்தம் எடுத்ததனால் மேலும் மெலிந்திருந்த அச்சிறுவன் பிழைத்துக்கொண்டான். ஏற்றிய அளவு மிகச் சிறிது. அதனாற் பிழைத்தான் என்பதே இன்றைய அறிஞர் கருத்து. ஆட்டுக்குட்டியின் சாந்த குணம் நோயாளிக்கு வரும் என்று அக்காலத்தவர் எண்ணினர். குணம் இரத்தத்தில் இருக்கிறது என்னும் மூடக்கொள்கைக்கு நம் நாடு மட்டுமே தாயகம் அன்று என்பதற்கு இதுவே சான்று.

அவ்வாண்டின் இறுதியில் அதே தெனி, மனம் பேதலித்த அந்துவான் மோருவா என்பவனுக்குக் கன்றுக்குட்டியின் இரத்தத்தை இருமுறை ஏற்றினார். இரண்டாம் முறை அவன் கை சுட்டது; வேர்வை பெருகிற்று; இடுப்பில் வலி கண்டது; மறுநாள் அவன் சிறுநீர், புகைபோக்கிக் கரியைக் கரைத்தாற்போற் கறுத்து இறங்கிற்று. பின்னர் மூன்றாம் முறை முயன்ற சமயத்தில் அவன் இறந்துபோனான். வழக்கு மன்றத்துக்குப் போயிற்று. மனைவி நஞ்சு வைத்தாள் என்று தீர்ப்பாயிற்று. எனினும் அது முதல் இரத்தம் ஏற்றுவதற்குத் தடை வந்து, நூற்றைம்பது ஆண்டுகள் வரை அவ்வித்தை உறங்கிக் கிடந்தது. கறுத்த சிறுநீரின் பொருளை அன்று யாரும் அறிந்திலர். உடலானது தனக்கு உரியதல்லாத அணுக்களைக் கண்டுகொண்டு, அவற்றை உடைத்தெறிந்ததன் அடையாளம் அது. தன்னது எது, பிறிது எது என்று உடலுக்கு ஒரு கணக்கு உண்டு. அக்கணக்கு நம் குலக்கணக்கோடு ஒத்துப்போகுமா என்பதே கேள்வி.

1818-ம் ஆண்டில் லண்டனில் ஜேம்ஸ் பிளண்டெல் என்னும் மருத்துவர், மனிதனுக்கு மனித இரத்தமே ஆகும் என்னும் கொள்கையோடு இவ்வித்தையை மீண்டும் எழுப்பினார். பிரசவத்தில் இரத்தம் சோர்ந்து உயிர்விடும் பெண்களைக் கண்டு மனம் பொறாதவர் அவர். சிலர் பிழைத்தனர், பலர் மாண்டனர். ஒருவருக்கு அமுதமாவது மற்றொருவருக்கு நஞ்சாவதேன் என்பது எவர்க்கும் விளங்கவில்லை.

விளக்கியவர் வியன்னா நகரத்துக் கார்ல் லாண்ட்ஸ்டைனர். தம் இரத்தத்தையும் தம்முடன் பணிபுரிந்தோர் இரத்தத்தையும் எடுத்து, ஒருவர் ஊநீரில் மற்றொருவர் செவ்வணுக்களை இட்டுப் பார்த்தார். சிலவற்றில் அணுக்கள் தயிர்போற் கட்டிப் போயின, சிலவற்றிற் கட்டவில்லை. 1901-ம் ஆண்டில் இதனை மூன்று வகையாகப் பிரித்து வெளியிட்டார். அடுத்த ஆண்டில் அவருடன் உழைத்தவர்கள் நான்காம் வகையைக் கண்டனர். ஏ, பி, ஓ, ஏபி என்று இன்று நாம் சொல்லும் நான்கும் இவையே. 1930-ம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நால்வகை என்றதும் நால்வருணம் நினைவுக்கு வரும் அன்பர்கள் சற்றுப் பொறுக்க. ஏ வகைத் தந்தைக்கும் பி வகைத் தாய்க்கும் பிறந்த நான்கு பிள்ளைகள் நான்கு வகையினராகவும் இருத்தல் கூடும். ஒரு தாய் வயிற்றில் நால்வகை! முதல் உலகப் போரின் இறுதியில் லுட்விக் ஹிர்ஷ்பெல்ட், ஹன்னா ஹிர்ஷ்பெல்ட் என்னும் தம்பதியர் சலோனிக்காப் போர்முகத்தில் இருந்து, பல தேசத்தவர் ஏறக்குறைய 8,000 பேரின் இரத்தத்தைச் சோதித்து, 1919-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அவர்களுள் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். விகிதம் தேசத்துக்குத் தேசம் கூடியும் குறைந்தும் இருந்ததேயன்றி, வகைகள் எல்லா மக்களிடத்தும் இருந்தன. இருந்தும் என்ன? அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் 1942-ம் ஆண்டு முதல் கறுப்பர் கொடுத்த இரத்தத்தைத் தனியே குறியிட்டுத் தனியே வைத்தது. இத்தனைக்கும், இங்கிலாந்துக்கு இரத்த ஊநீர் சேர்த்து அனுப்பும் பெரும்பணியை 1940-ம் ஆண்டில் நடத்திக் காட்டியவர் சார்லஸ் டுரூ என்னும் கறுப்பு வைத்தியர். 1950-ம் ஆண்டில்தான் சங்கம் அவ்வழக்கத்தைக் கைவிட்டது. தனிக்குவளையைக் கண்டு பழகிய நமக்குத் தனிப்புட்டி புதுமையாகத் தோன்றாது.

இனி, குடும்ப இரத்தத்தின் புகழுக்கு வித்திட்ட நிகழ்ச்சி ஒன்றைச் சொல்ல வேண்டும். 1908-ம் ஆண்டில் நியூயார்க்கில், பிறந்து ஐந்து நாளான பெண் குழந்தை ஒன்று இரத்தம் கசிந்து வெளிறிப்போய்ச் சாகக் கிடந்தது. அலெக்சிஸ் காரல் என்னும் அறுவை வைத்தியர் நள்ளிரவில் வரவழைக்கப்பட்டார். தந்தையை உணவு மேசைமேற் படுக்கவைத்து, அவர் மணிக்கட்டுத் தமனியைக் குழந்தையின் காற்சிரையோடு ஊசியால் தைத்து இணைத்தார். வெளிறிய குழந்தை சிவந்தது, பிழைத்தது. வகை பார்க்கவில்லை; எதுவும் சோதிக்கவில்லை. காரலின் கைத்திறன் உண்மையே; ஆனால் அன்று காத்தது தற்செயல். இக்கதையைக் கேட்டவர் எவராயினும் தந்தையின் இரத்தத்துக்கு நிகர் உண்டோ என்றுதானே சொல்வர்?

முப்பதாண்டுகள் கழிந்தன. அதே நியூயார்க் நகரில் 1937-ம் ஆண்டில், வயிற்றிலேயே இறந்துபோன சிசுவைப் பெற்ற தாய் ஒருத்திக்கு, இரத்தப்போக்கு மிகுந்தமையால், கணவன் தன் இரத்தத்தைக் கொடுத்தான். இருவரும் ஓ வகையினர். வகை பொருந்திற்று, ஆயினும் அவள் குளிரால் நடுங்கி, வலியால் துடித்து, உயிருக்குப் போராடினாள். பிலிப் லெவின், ரூபஸ் ஸ்டெட்சன் என்னும் இருவரும் அவள் ஊநீரைச் சோதித்தனர். ஓ வகையினருள் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கினரின் அணுக்களை அது கட்டிப்போகச் செய்தது. 1939-ம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட விளக்கம் இதுதான்: சிசு தந்தையிடமிருந்து பெற்ற ஏதோ ஒரு பொருள் தாய்க்கு இல்லை, கருவிலிருந்து கசிந்த அணுக்களால் தாயின் உடல் அப்பொருளுக்குப் பகையான எதிர்ப்பொருளை முன்னரே ஆக்கி வைத்திருந்தது, பின்னர்க் கணவனின் இரத்தம் ஏறியதும் அதே பகை அதன்மேற் பாய்ந்தது. அடுத்த ஆண்டில் லாண்ட்ஸ்டைனரும் அலெக்சாண்டர் வீனரும் ரீசஸ் என்னும் அடையாளத்தை வெளியிட, அப்பொருளுக்குப் பெயரும் கிடைத்தது.

எனவே இத்தகைய குடும்பத்தில் அந்தத் தாய்க்கும் அவள் பெற்ற சிசுவுக்கும் மிகவும் ஆகாத இரத்தம் எது? ஊரில் எவனோ ஒருவனுடையது அன்று, வீட்டுத் தலைவனுடையதே. சிசுவின் உடலில் தாய் தந்த எதிர்ப்பொருள் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது தேடி அழிப்பது தந்தையின் அடையாளத்தை. மஞ்சள் பூத்துச் சாகும் இக்குழந்தைகளை 1940-களில் வைத்தியர்கள் இரத்தத்தை மாற்றிப் பிழைக்கவைத்தபோது, மாற்றி ஊற்றியது ரீசஸ் அடையாளம் இல்லாத அயலார் இரத்தம். இன்றோ, 1968-ம் ஆண்டில் வழக்குக்கு வந்த தடுப்பு ஊசியால் அந்நோயே பெரிதும் குறைந்துவிட்டது. நம்மவருள் ரீசஸ் அடையாளம் இல்லாதவர் நூற்றுக்கு ஐவர் அளவினர். வெள்ளையருள் பதினைவர் அளவினர். சீனருள் மிகச் சிலர்.

இதுகாறும் கூறியது செவ்வணுக்களின் கதை. இனிச் சொல்ல வருவது வெள்ளணுக்களின் கதை. நாம் முதலிற் குறித்த அரிய கேடும் இதுவே.

நம் உடலில் நிணவணுக்கள் என்று ஒருவகை வெள்ளணுக்கள் உள. காவலர் போன்றவை அவை. தமக்கு உரியதல்லாத எதனையும் கண்டுபிடித்துத் தாக்குவது அவற்றின் தொழில். ஒருவர் கொடுத்த இரத்தத்தில் இக்காவலரும் சேர்ந்தே போகின்றனர். போன இடம் அயல் வீடு. பெரும்பாலும் வீட்டுக்காரனின் காவலர் விழித்திருந்து, வந்தவர்களைச் சில நாட்களில் ஒழித்துவிடுகின்றனர். நோயாளிக்கு யாதொரு தீங்கும் தெரிவதில்லை. ஆனால் வீட்டுக்காவல் செத்திருந்தால்? வந்த காவலர் வீட்டையே பகையென்று கொண்டு தாக்குவர். ரூபர்ட் பில்லிங்காம் என்னும் அறிஞர் 1966-ம் ஆண்டில் இந்நோய்க்கு வேண்டிய மூன்று நிபந்தனைகளை வகுத்தார்: வந்த அணுக்கள் போர் செய்ய வல்லனவாய் இருத்தல், வந்த இடம் அவற்றுக்கு அயலாய்த் தோன்றுதல், அவ்விடத்துக்கு அவற்றை ஒழிக்கும் வலி இல்லாதிருத்தல்.

முதலில் இதற்கு இரையானவர்கள் குழந்தைகளே. பிறவியிலேயே எதிர்ப்பு வலி இல்லாத குழந்தைகள் சிலர், இரத்தம் ஏற்றிய பின் இவ்வாறு இறந்ததனை 1960-களின் நடுவில் அமெரிக்க வைத்தியர்கள் எழுதினர். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்து வில்லியம் லைலி 1963-ம் ஆண்டில், தாயின் வயிற்றுக்குள்ளேயே கருவுக்கு இரத்தம் செலுத்தும் அரிய முறையைக் கண்டார். அம்முறையாற் பிழைத்துப் பிறந்து, பின்னர் இரத்தம் மாற்றவும்பெற்ற சிசுக்களுள் சிலருக்கு இந்நோய் வந்ததை 1974-ம் ஆண்டில் பார்க்மன் முதலியோர் வெளியிட்டனர். கருவிலிருந்த குழந்தை, வந்த அணுக்களைத் தன்னவை என்று பழகிக்கொண்டமையே காரணம் எனக் கருதப்பட்டது.

நோயின் போக்கு இது. இரத்தம் ஏற்றி ஏறக்குறைய எட்டு, பத்து நாள் வரையில் ஒன்றும் தெரிவதில்லை. குழந்தை தேறி வருகிறது என்று வீட்டார் மகிழ்ந்திருப்பர். பின் காய்ச்சல் வரும்; உடலெங்கும் செந்தடிப்பு எழும்; வயிறு போகும்; ஈரல் கெடும். இறுதியில் எலும்புக்குள் இருக்கும் மச்சை வற்றி, இரத்தம் ஊறுவதே நின்றுபோகும். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் சில வாரங்களில் இறப்பர். வந்த பின் தீர்க்கும் மருந்து இல்லையென்றே சொல்லலாம்.

நல்ல எதிர்ப்பு வலி உள்ளவரையும் இந்நோய் கொல்லும் என்பதை உலகம் ஜப்பானிலிருந்து கற்றது. அங்கே அறுவைக்குப் பின் உடல் சிவந்து இறக்கும் விந்தை நோய் ஒன்று 1955-ம் ஆண்டிலேயே எழுதப்பட்டிருந்தது. மருந்தின் குற்றமோ, கிருமியின் குற்றமோ என்று முப்பதாண்டுகள் ஐயுற்றனர். 1980-களிலேதான் மெய் வெளிப்பட்டது. இதய அறுவைக்குப் புது இரத்தம் வேண்டுமென்று, பல இடங்களில் உறவினரே வந்து கொடுத்தனர். அவ்விரத்தத்தோடு போன நிணவணுக்களே நோயாளியை விழுங்கின. நோயாளிகளோ எதிர்ப்பு வலியிற் குறைவுடையவர் அல்லர்.

பின் ஏன் அவர்கள் உடல், வந்த காவலரை ஒழிக்கவில்லை? இக்கேள்விக்கு விடை, பிரான்சு தேசத்து ஜான் டோசே 1958-ம் ஆண்டிற் கண்டுபிடித்த வெள்ளணு அடையாளங்களில் இருக்கிறது. ஒவ்வொருவரும் தந்தையிடமிருந்து ஒரு கட்டும் தாயிடமிருந்து ஒரு கட்டுமாக இவ்வடையாளங்களைப் பெறுகின்றனர். குழந்தையின் இரு கட்டுகள் மாணிக்கம், முத்து என்று வைத்துக்கொள்வோம். இரத்தம் கொடுப்பவருக்கு இரு கட்டும் மாணிக்கமே என்றால் நேர்வது யாது? வந்த அணுக்களில் மாணிக்கத்தையன்றி வேறொன்றும் இல்லாமையால், "இது நம்மதே" என்று குழந்தையின் காவலர் வாளாவிருப்பர். வந்தவர்களோ குழந்தையிடத்து முத்தைக் கண்டு, "இது அயல்" என்று தாக்கத் தொடங்குவர். வீட்டுக்குள் விட்டது உறவு என்பதால். வெட்டியது அயல் என்பதால்!

அயலார் இருவருக்கு இடையே இப்படிப் பொருந்துவது மிக மிக அரிது. உறவினரிடையே அவ்வரிது அத்துணை அரிதன்று. இங்கே நம்மவர் கூர்ந்து நோக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பது நமக்கு வழக்கம்; அக்காள் மகளையே மணப்பதும் வழக்கம். சொத்து வெளியே போகலாகாது, இரத்தம் கலக்கலாகாது என்பது காரணம். ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே கட்டு இருபுறமும் சேர்ந்து வரும் வாய்ப்பு, அம்மான் அத்தை மக்கள் மணந்து பெற்ற பிள்ளைக்குப் பதினாறில் ஒன்று. தாய்மாமன் மணந்து பெற்ற பிள்ளைக்கு எட்டில் ஒன்று. அப்பிள்ளை வளர்ந்து, குடும்பத்துக்கு அப்பாற் பெண்கொண்டு, தானும் தந்தையாகித் தன் குழந்தைக்கு இரத்தம் கொடுக்க வருகிறான் என்க. அவன் கட்டுகளுள் ஒன்று குழந்தைக்கு உறுதியாக உண்டு. மற்றது குழந்தையின் தாய் தந்தது. மாணிக்கமும் முத்தும் போல அமைந்துவிடுகிறது. கலக்காமற் காத்த இரத்தமே காலனாகும் விதம் இதுதான். வாய்ப்பு என்று சொன்னோமேயன்றி, நோய் கட்டாயம் வரும் என்று சொன்னோமில்லை. வருவது அப்போதும் அரிதே. ஆயினும், வந்தால் மீட்சி இல்லாத ஒன்றை வலிந்து தேடுவானேன்?

தாயின் இரத்தம் எப்படி என்று சகோதரிகள் கேட்பர். அதன் வரலாறு விசித்திரமானது. பிள்ளை பெற்ற பெண்ணின் ஊநீரில், கணவனின் வெள்ளணு அடையாளங்களுக்குப் பகையான எதிர்ப்பொருள் சிலவேளை இருக்கும். பிள்ளையிடத்து உள்ளதோ கணவன் அடையாளம். அவ்வூநீர் பிள்ளைக்கு ஏறினால், ஆறு மணி நேரத்துக்குள் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும் ஆபத்து உண்டு. அரிதாயினும் உண்மை. ஆனால் இதற்கு மறுதலையும் உளது. சில சிசுக்களுக்குத் தாயின் எதிர்ப்பொருளால் இரத்தத் தட்டணுக்கள் அழிந்து, மூளையில் இரத்தம் கசியும். அப்போது எவர் தட்டணுவும் நில்லாத அச்சிசுவின் உடலில் தாயின் தட்டணு நிற்கும். ஏனெனில் தாக்கப்படும் அடையாளம் அவளிடத்து இல்லை. பொருந்திய அயலார் தட்டணு கைக்குக் கிட்டாதபோது, தாயின் ஊநீரைக் கழுவி நீக்கிவிட்டு அணுவை மட்டும் கொடுத்துக் குழந்தையைக் காப்பர். ஒரே தாயின் இரத்தத்தில் ஒரு பகுதி நஞ்சு, மற்றொரு பகுதி மருந்து. "தாய் இரத்தம்" என்று மொத்தமாய்ப் போற்றவோ தூற்றவோ அங்கே இடமில்லை. எந்த அணு, எந்த அடையாளம் என்றே பார்க்க வேண்டியிருக்கிறது.

இக்கேடுகளைக் கேட்டு அஞ்சி, குழந்தைக்கு இரத்தமே வேண்டாம் என்று எவரேனும் சொல்லத் தொடங்கினால், அது முன்னதினும் பெரிய மூடத்தனம். இரத்தம் ஏற்றப்பெறும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலார்க்கு இவற்றுள் எதுவும் நேர்வதில்லை. ஏற்றாமற் போனால் இறப்போர் எத்தனையோ பேர். தலசீமியா நோயுற்ற பிள்ளைகள் மாதந்தோறும் பிறர் கொடுத்த இரத்தத்தாலேயே வளர்ந்து பெரியவர்களாகின்றனர்.

வெள்ளணு நோய்க்கும் தடுப்பு கண்டாயிற்று. இரத்தப் பையைக் காமாக் கதிரிலோ எக்ஸ் கதிரிலோ 25 கிரே அளவு காட்டினால், நிணவணுக்கள் பெருகும் வலியை இழந்துவிடுகின்றன. செவ்வணுக்கள் தம் தொழிலைச் செய்துகொண்டே இருக்கின்றன. வடிகட்டி வெள்ளணுவைக் குறைப்பது மட்டும் போதாது. கதிர் காட்டிய இரத்தத்தில் பொட்டாசியம் என்னும் உப்பு மிகுந்து கசிவதால், நெடுநாள் வைத்திராது விரைந்து பயன்படுத்துவர். சிசுக்களுக்கு இது மிக முக்கியம். ஜப்பான் தேசத்துச் செஞ்சிலுவைச் சங்கம் 1998-ம் ஆண்டில் கதிர் காட்டிய இரத்தத்தை வழங்கத் தொடங்கிற்று. 2000-ம் ஆண்டுக்குப் பின் அங்கே இந்நோய் உறுதிப்பட்டதாகச் செய்தி இல்லை. கருவிலிருக்கும் சிசுவுக்கும், எதிர்ப்பு வலி இல்லாது பிறந்த குழந்தைக்கும் கதிர் காட்டிய இரத்தமே தருவது இன்று பல தேசங்களின் விதி. அவ்விதியேட்டில் இவற்றோடு சேர்த்து எழுதப்பட்டிருக்கும் மற்றொரு வரியும் உண்டு: இரத்தம் கொடுப்பவர் நோயாளிக்கு நெருங்கிய உறவினராயின், நோயாளி எத்துணை வலியுடையவராயினும், கதிர் காட்டாமல் ஏற்றலாகாது.

சிங்கப்பூரில் 1946-ம் ஆண்டில் இரத்ததானப் பணிமனை தொடங்கிற்று. இன்று அங்கும் மலேசியாவிலும் கூலி வாங்காமற் கொடுப்போரின் இரத்தமே ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றாரே தந்தை, அவர் இரத்தத்தையும் அங்கே மகிழ்ந்து வாங்கிக்கொள்கின்றனர். வகை பார்த்து, கிருமி சோதித்து, குளிர்பெட்டியில் அடுக்குகின்றனர். பையின்மேல் ஓர் எண், வகை, ரீசஸ் குறி, எடுத்த நாள், கெடும் நாள் ஆகியவை இருக்கின்றன. அந்தப் பை மற்றொரு வார்டில் ஒரு மலாய்க் குழந்தைக்கோ சீனக் கிழவிக்கோ போய்ச் சேரும். அவர் பிள்ளையின் கட்டிலருகே தொங்குவது வேறோர் எண்ணுள்ள பை.